சைக்கிள் கேள்வி–பதில்: முதலில் பல்லை எண்ணுங்கள்

போன இதழில் கிராவல் சைக்கிள் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ரேஸ் சைக்கிள் போல வளைந்த ஹேண்டில்பார், ஆனால் 40 மில்லிமீட்டர் அகல டயர், தார் ரோட்டிலும் ஓடும் மண் பாதையிலும் ஓடும் என்று அவ்வளவுதான் சொன்னேன். (நம் ஊரில் கிராவல் என்றால் லோடு கணக்கில் லாரியில் வந்து கொட்டுகிற மண். அதன் மேலும் ஓடும் என்பதால் பெயர் பொருத்தம்தான்.) வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கியர் பற்றியே இருந்தன. அதனால் இந்த முறை முழுக்கப் பல் கணக்கு. (46/30 என்றால் மிதியோடு சுற்றும் இரண்டு முன் பல் சக்கரங்களின் பல் எண்ணிக்கை. 11-34 என்றால் பின்னால் இருக்கும் பல் சக்கர அடுக்கில், அதாவது கேசட்டில், சிறியதற்கு 11 பல், பெரியதற்கு 34 பல். அந்த அடுக்கில் எத்தனை சக்கரமோ அத்தனை ஸ்பீடு. ஷிமானோ கியர் செய்கிற கம்பெனி, ஜிஆர்எக்ஸ், 105 எல்லாம் அதன் கியர் செட்டுகள்.)

கேள்வி: வயது 52, வங்கி வேலை. இரண்டு வருடமாகக் கிராவல் சைக்கிள் ஓட்டுகிறேன். முன்னால் 46/30, பின்னால் 11-34, ஷிமானோ ஜிஆர்எக்ஸ் 10 ஸ்பீடு. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏற்காடுதான். மெயின் ரோட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைச் சமாளித்துவிடுகிறேன், ஆனால் குப்பனூர் வழியும் மேலே காப்பித் தோட்டத்து மண் பாதைகளும் உயிரை எடுக்கின்றன. கடைசிக் கியரிலும் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்கிறது, மறுநாள் வங்கிப் படியேறும்போது முழங்கால் பேசுகிறது. குரூப்பில் எல்லோரும் "முன்னால ஒரே சக்கரத்துக்கு மாறுங்க சார், 40 போட்டு பின்னால 11-42 போடுங்க, மலை ஏறத்தான் அது" என்கிறார்கள். கடைக்காரரும் அதையே சொல்லி ஒரு பெரிய தொகையும் சொல்லிவிட்டார். மாறலாமா? — வாசகர், சேலம்

பதில்: வேண்டாம் சார். அந்தப் பணத்தைக் கொடுத்தீர்கள் என்றால் இப்போது இருப்பதைவிட இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டிய வண்டிதான் கையில் இருக்கும்.

கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு. முன் பல்லைப் பின் பல்லால் வகுங்கள். உங்கள் லேசான கியர் 30/34, அதாவது 0.88. மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் 0.88 சுற்றுச் சுற்றும். உங்கள் 40 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர், ஆக ஒரு மிதிக்கு 1.94 மீட்டர் நகர்கிறீர்கள். அவர்கள் சொல்கிற 40/42 எவ்வளவு? 0.95. ஒரு மிதிக்குக் கிட்டத்தட்ட 2.1 மீட்டர். பின்னால் தோசைக்கல் மாதிரி பெரிய சக்கரம் தெரிவதால் மலைக்கானது என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். முன்னால் 30 இருந்த இடத்தில் 40 உட்கார்ந்துகொண்டதை யாரும் கவனிப்பதில்லை. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன், அவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

சரி, உங்களுக்கு எவ்வளவு லேசான கியர் வேண்டும்? இதை வண்டியிலிருந்து தொடங்காமல் மேட்டிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் எடை எழுதவில்லை, ஆளும் வண்டியும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். 10 சதவீத மேட்டில், அதாவது 100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயரும் இடத்தில், மணிக்கு 6 கிலோமீட்டர் போகவே சுமார் 160 வாட் வேண்டும். இரண்டு பழைய சீலிங் ஃபேன் ஓடுகிற மின்சாரம், அதைக் காலால் கொடுக்கிறீர்கள். 52 வயதில் வாரா வாரம் ஓட்டுகிறவருக்கு இது முடியாததில்லை, ஆனால் அதை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் முழங்காலின் கதை இருக்கிறது. மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 100 மீட்டர். உங்கள் 30/34-இல் அது நிமிடத்துக்கு 51 மிதி. 40/42-இல் 48 கூட வராது. சமவெளியில் சாதாரணமாக 80, 85 மிதிக்கிற கால் 50-க்கு இறங்கும்போது அதே 160 வாட்டைக் குறைந்த மிதியில் கொடுத்தாக வேண்டும், ஒவ்வொரு மிதியும் ஒரு படி ஏறுவது மாதிரி ஆகிவிடுகிறது. அதனால்தான் எழுந்து நிற்கிறீர்கள். தார் ரோட்டில் நின்று மிதிக்கலாம், ஒன்றும் ஆகாது. தோட்டத்துப் பாதையில் சரளைக்கல் மேல் நின்றால் பின் சக்கரத்தில் பாரம் குறைந்து அது இருந்த இடத்திலேயே சுற்றும், பிறகு இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

உங்களிடம் இருக்கிற பின் டீரெய்லர் (சினிமா டிரெய்லர் இல்லை, செயினைப் பல் விட்டுப் பல் தள்ளுகிற கை) 36 பல் வரை தாங்கும் என்று ஷிமானோவே சொல்கிறது. ஆகவே முதல் வேலை 10 ஸ்பீடு 11-36 கேசட் ஒன்றும் புதுச் செயின் ஒன்றும். 30/36 என்றால் 0.83, அதே மேட்டில் 54, 55 மிதி. 6 சதவீதம்தானா என்று கேட்பீர்கள். ஆமாம், 6 சதவீதம்தான், ஆனால் செலவு கடைக்காரர் சொன்னதில் சின்னப் பங்கு, ஷிஃப்டர் (ஹேண்டில்பாரில் கியர் மாற்றுகிற நெம்பு) மாற்ற வேண்டாம், கிராங்கை (மிதியும் முன் பல் சக்கரமும் பூட்டிய கை) தொட வேண்டாம், ஒரு மாலையில் முடிந்துவிடும்.

செயினை நிச்சயம் மாற்றுங்கள், இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். சில வருடம் முன்பு நானே 32-ஐக் கழற்றி 36 போட்டேன், பழைய செயின் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே மாட்டினேன். கொல்லிமலை அடிவாரம் காரவள்ளியில், இன்னும் எழுபது வளைவில் ஒன்றுகூட ஏறவில்லை, கவனமில்லாமல் முன்னால் பெரிய சக்கரமும் பின்னால் பெரிய சக்கரமுமாகப் போட்டுவிட்டேன். செயின் நீளம் போதவில்லை, வில்லில் நாண் ஏற்றிய மாதிரி இறுகியது, டீரெய்லர் தொங்குகிற ஹேங்கர் பட்டென்று முறிந்தது. அங்கிருந்து மினி லாரியில் ஊர் திரும்பினேன், டிரைவர் வழியெல்லாம் சைக்கிளுக்கு எதுக்கு சார் இத்தனை சக்கரம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். முன்னால் பெரியது, பின்னால் பெரியது, இரண்டின் மேலும் செயினைச் சுற்றி, டீரெய்லர் வழியாக விடாமல், முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள். அப்புறம் ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறு வடிவம், ஒன்று உபரியாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு மேலும் லேசாக வேண்டும் என்றால் அது மொத்தமாக மாற்றுகிற விஷயம். 2023-இல் வந்த 12 ஸ்பீடு ஜிஆர்எக்ஸில் முன்னால் 40, பின்னால் 10-51 என்று ஒன்று இருக்கிறது, 40/51 என்றால் 0.78, அதே மேட்டில் 58 மிதி. இதுதான் உங்கள் நண்பர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் 'மலை ஏறுகிற ஒற்றைச் சக்கரம்'. ஆனால் ஷிஃப்டர், டீரெய்லர், கேசட், செயின், கிராங்க், பின் சக்கரத்து ஃப்ரீஹப் (கேசட் ஏறி உட்காரும் உருளை) எல்லாம் மாற வேண்டும். இப்போதைக்கு 36 போட்டு ஆறு மாதம் ஓட்டுங்கள்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இதற்குக் காசு ஆகாது. அப்படியும் வலித்தால் கியரை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: என்னுடையது ரோடு சைக்கிள், ஷிமானோ 105, 11 ஸ்பீடு (ஆர்7000), முன்னால் 50/34, பின்னால் 11-28. 32 டயர் போட்டுக் கிராவல் மாதிரி ஓட்டுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர் ஏறி முடிப்பதற்குள் கண் கட்டுகிறது. பின்னால் 34 பல் போட முடியுமா? முன்னால் 34-க்குப் பதில் 30 போட முடியுமா? — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், முடியாது. உங்கள் கிராங்கில் போல்ட் துளைகள் இருக்கும் வட்டம் 110 மில்லிமீட்டர், அதில் 30 பல் சக்கரம் உட்காராது. 30 வேண்டுமென்றால் கிராங்கையே மாற்ற வேண்டும். ஜிஆர்எக்ஸ் கிராங்க் வாங்கி மாட்டலாம் என்று யாராவது சொல்வார்கள், அதில் சக்கரங்கள் இரண்டரை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கும், முன் டீரெய்லரையும் சேர்த்தே மாற்ற வேண்டி வரும்.

34 கேசட் போடலாமா என்பது உங்கள் பின் டீரெய்லரின் கை நீளத்தைப் பொறுத்தது. 105-இல் குட்டைக் கை, நீளக் கை என்று இரண்டு. பின்பக்கம் எஸ்எஸ் என்று பொறித்திருந்தால் 30 பல் வரைதான். ஜிஎஸ் என்று இருந்தால் 34 வரை தாராளமாகப் போகும். 11-28-ஓடு வந்த வண்டி என்பதால் எஸ்எஸ் ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம், குனிந்து பாருங்கள். எஸ்எஸ் என்றால் ஜிஎஸ் டீரெய்லர் ஒன்று மட்டும் வாங்கினால் போதும், ஷிஃப்டர் அதேதான். செயினும் புதிது, காரவள்ளிக் கதையை மேலே படித்திருப்பீர்கள்.

இப்போது 34/28, அதாவது 1.21. மாற்றிய பிறகு 34/34, ஒன்றுக்கு ஒன்று. பதினெட்டு சதவீதம் லேசாகிறது. சேலத்துக்காரருக்கு நான் கொடுத்த 6 சதவீதத்தோடு ஒப்பிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. ஷிமானோவின் 11-34 பதினோரு ஸ்பீடு கேசட் மற்ற ரோடு கேசட்டுகளைவிடக் கொஞ்சம் ஒல்லி. 11 ஸ்பீடு ரோடு ஃப்ரீஹப்பில் ஏற்றும்போது உள்பக்கம் 1.85 மில்லிமீட்டர் வளையம் ஒன்று போட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். அது கேசட் பெட்டியிலேயே வரும், பெட்டியைப் பிரிக்கிறவர் பேக்கிங் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார். லாக்ரிங் (கேசட்டைப் பூட்டும் வளையம்) முழுக்க முறுக்கிய பிறகும் கேசட் லொடலொடவென்று ஆடினால் காரணம் அதுதான்.

கேள்வி: முன்னால் ஒரே சக்கரம் நல்லதா, இரண்டு நல்லதா? கரிசல் காட்டுப் பாதையில்தான் தினமும் ஓட்டுகிறேன். பக்கத்தில் பெரிய மலை எதுவும் இல்லை. புதிதாக வாங்கப் போகிறேன். — வாசகர், கோவில்பட்டி

பதில்: நீங்கள் ஒரே சக்கரம் வாங்குங்கள். மேலே ஒருவரை வேண்டாம் என்று தடுத்துவிட்டு இங்கே வாங்கு என்கிறானே என்று யோசிக்க வேண்டாம், ஊர் வேறு.

கரிசல் மண் நனைந்தால் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செருப்பில் ஒட்டி ஆளை ரெண்டு அங்குலம் உயர்த்தும் மண் அது. சைக்கிளில் அது முதலில் அடைவது டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே, அடுத்து முன் டீரெய்லரில். முன்னால் டீரெய்லரே இல்லையென்றால் அடைகிற இடம் ஒன்று குறைவு, பழுதாகிற பொருளும் ஒன்று குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டுகிறவருக்கு இது பெரிய விஷயம். மலையும் இல்லை என்பதால் 40 முன்னால், 11-42 பின்னால் என்பது உங்களுக்குத் தாராளம். நிமிடத்துக்கு 90 மிதித்தால் 40/11-இல் மணிக்கு 43 கிலோமீட்டர் போகும், மண் பாதையில் அதற்கு மேல் போய் என்ன செய்யப் போகிறீர்கள்?

குறையையும் சொல்லிவிட வேண்டும். 11-42 பதினோரு ஸ்பீடு கேசட் ஒன்றின் பற்கள் 11, 13, 15, 17, 19, 21, 24, 28, 32, 37, 42 என்று போகும். 15-லிருந்து 13-க்குப் போனால் ஒரே தாவலில் 15 சதவீதம் கனமாகிவிடும். கயத்தாறுப் பக்கம் காற்றாலை சுற்றுகிற ஆடி மாதத்து எதிர்க்காற்றில் ஒரு கியர் கனமாக இருக்கும், அடுத்தது காலியாகச் சுற்றும், நடுவில் ஒன்று இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றும். முன்னால் இரண்டு சக்கரம் இருக்கிற வண்டியில் பின்னால் நெருக்கமான பற்கள் வைக்க முடியும், அதுதான் அதன் சௌகரியம். தினமும் தார் ரோட்டில் கூட்டத்தோடு ஒரே வேகத்தில் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் என்றால் உங்களுக்கும் இரண்டு சக்கரம்தான் சொல்லியிருப்பேன்.

வாங்கும்போது பல்லைவிட முக்கியமாக ஒன்று பாருங்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே விரல் நுழைகிறதா? நுழையவில்லையென்றால் எந்தக் கியர் இருந்தாலும் முதல் மழையில் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவீர்கள்.

கேள்வி: வணக்கம் அண்ணா. கனடாவில் இருக்கிற மச்சான் எஸ்ராம் 12 ஸ்பீடு செட் ஒன்று கொண்டுவந்து தந்தார், எக்ஸ்பிஎல்ஆர் என்று போட்டிருக்கிறது, கேசட் 10-44. முன்னுக்கு 40. ஆனால் கேசட் என்ரை பின் சில்லிலை ஏறுதே இல்லை. சில்லு பழைய ஷிமானோ 11 ஸ்பீடு. மச்சானிடம் சொல்லவும் வெட்கமாக இருக்கு. என்ன செய்யலாம்? — வாசகர், நுவரெலியா

பதில்: மச்சான் மேலும் தவறில்லை, உங்கள் மேலும் தவறில்லை தம்பி. கேசட் ஏறி உட்காரும் உருளைக்குப் பெயர் ஃப்ரீஹப், அதில் கம்பெனிக்கு ஒரு சாதி. பழைய ஷிமானோ உருளையின் விட்டம் பெரிது, அதன் மேல் 11 பல்லுக்குச் சின்னதாகச் சக்கரம் வைக்க இடமில்லை. 10 பல் வேண்டும் என்றதும் எஸ்ராம் எக்ஸ்டி, எக்ஸ்டிஆர் என்று தனி உருளை செய்தது, ஷிமானோ மைக்ரோ ஸ்ப்லைன் என்று வேறொன்று செய்தது, காம்பக்னோலோ 2020-இல் 13 ஸ்பீடு எகார் கொண்டுவந்து 9 பல்லுக்கே இறங்கி இன்னொன்று செய்தது. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் ஏறாது. உங்கள் 10-44-க்கு எக்ஸ்டிஆர் வேண்டும்.

இரண்டு வழி. பின் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) செய்த கம்பெனி அதே ஹப்புக்கு எக்ஸ்டிஆர் உருளை தனியாக விற்கிறதா என்று பாருங்கள், விற்றால் அதை மட்டும் மாற்றினால் போதும், பல ஹப்புகளில் கையாலேயே இழுத்துக் கழற்றலாம். விற்கவில்லையா, எஸ்ராமே அதே 12 ஸ்பீடில் 11-44 என்று ஒரு கேசட் செய்கிறது, அது உங்கள் பழைய ஷிமானோ உருளையில் ஏறும். வேகக் கியரில் ஒன்பது சதவீதம் போகும், ஏற்றக் கியர் அதே 44. நீங்கள் இருக்கிற ஊருக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். றம்பொடையிலிருந்து ஏறி வருகிறவருக்கு 10 பல் எதற்கு? இறக்கத்தில் சும்மா உட்கார்ந்தாலே போதும், பிரேக்கைப் பிடிக்கிறதுதான் வேலை.

அதோடு முன்னுக்கு 40 வேண்டாம். 40/44 என்றால் 0.91. 36 போடுங்கள், 0.82 ஆகும். தேயிலைத் தோட்டத்து ரோட்டில் பையையும் கட்டிக்கொண்டு ஏறும்போது மச்சானை வாழ்த்துவீர்கள்.

கேள்வி: புதுக் கேசட் போட்டேன், பழைய செயின். அழுத்தி மிதித்தால் 'டக் டக்' என்று வழுக்குகிறது. கேசட் போலியா? — வாசகர், மதுரை

பதில்: இல்லை, செயின் நீண்டுவிட்டது. ஸ்கேல் எடுங்கள், ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள், புதுச் செயின் என்றால் 24 பின் தள்ளி இருப்பதன் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் 11, 12 ஸ்பீடு செயினைக் குப்பையில் போடலாம். 10 ஸ்பீடும் அதற்குக் கீழேயும் இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் 1/8 அங்குலம் வரை விட்டால் பழைய கேசட்டையும் தின்றிருக்கும். புதுக் கேசட்டைத் தின்பதற்குள் இன்றைக்கே மாற்றுங்கள்.

கேள்வி: பின்னால் 36 பல் போட்டிருக்கிறேன். குரூப்பில் "பாட்டி கியர்" என்று கேலி செய்கிறார்கள். — வாசகர், ஓசூர்

பதில்: 1937 வரைக்கும் டூர் டி பிரான்ஸில் டீரெய்லருக்கே அனுமதி கிடையாது. கியர் மாற்ற வேண்டுமென்றால் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் திருப்பி மாட்ட வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் அதைச் செய்துகொண்டிருந்தார்கள், அந்தப் போட்டியை நடத்தியவர் பல் மாற்றுகிற யந்திரமெல்லாம் 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றார். இன்றைக்கு அதே போட்டியில் ஓடுகிற இளவட்டங்கள் மலை நாளில் 34 பல் கேசட்டோடு ஏறுகிறார்கள். உங்கள் குரூப்பைக் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் வேண்டாம், பாட்டி கியர் இல்லாமல் அஞ்செட்டிக் காட்டு ரோட்டில் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். மேட்டின் உச்சியில் டீக்கடை இருந்தால் முதலில் போய்ச் சேருகிறவர் மற்றவர்களுக்கும் சேர்த்து டீ சொல்லி வைக்கலாம்.